மூலப்பத்திரம் இல்லாத பொம்மை

செத்தவருக்காக மண் சுமக்கப் புதைக்கப்பட்ட எகிப்தியச் சிற்றுருவங்கள் ஏலச் சந்தையில் சுலபமாகக் கிடைக்கின்றன. கிடைக்காதது, அவை வந்த வழி.

உள்ளங்கையில் அடங்கிவிடும் உருவம். ஒரு சாண் உயரம்கூட இல்லை. நீலமும் பச்சையும் கலந்த மெருகு. துணி சுற்றிய சடலம்போலக் கால்கள் ஒட்டியிருக்கின்றன. மார்பின் குறுக்கே மடித்த கைகளில் மண்வெட்டிகள். முதுகில் ஒரு விதைப் பை. இடுப்பிலிருந்து பாதம்வரை நெடுக ஒரு வரி சித்திர எழுத்து. முகத்தில் லேசான சிரிப்பு.

லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரங்களின் ஏல அட்டவணைகளில் இந்த உருவங்கள் இல்லாத ஆண்டு அநேகமாக இல்லை. பெரிய ஏல நிறுவனங்கள் முதல் தபாலில் பொருள் அனுப்பும் சின்ன டீலர்கள்வரை எல்லோரிடமும் உண்டு. எகிப்தியத் தொல்பொருள் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது இதைத்தான். எழுத்தில்லாத சிறிய உருவம் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். எழுத்து தெளிவாகவும் மெருகு கெடாமலும் இருந்தால் சில ஆயிரம். பெயர் பெற்ற அரசருடையது என்றால் பல்லாயிரம். அட்டவணையில் உயரம் இருக்கும், காலம் இருக்கும், பாதத்தை ஒட்டவைத்த விவரம்கூட நேர்மையாக இருக்கும். கடைசியில் ஒரு வரி வரும்: ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960களில் வாங்கியது.

விஷயம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவருடைய கல்லறைக்குள் வைத்து மூடப்பட்ட பொருளுக்கு அந்த ஒற்றை வரியே போதும் என்று உலகச் சந்தை நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த உருவத்துக்குப் பெயர் ஷப்தி. காலத்தைப் பொறுத்து ஷவப்தி, உஷப்தி என்றும் எழுதியிருக்கிறார்கள். பொம்மை என்று சொல்லிவிட்டோமே தவிர, விளையாடச் செய்ததல்ல, கும்பிடச் செய்ததும் அல்ல. வேலை வாங்கச் செய்தது.

எகிப்தியர்கள் கற்பனை செய்த மறு உலகம் கால் நீட்டிப் படுக்கும் சொர்க்கம் அல்ல. நாணற் புல்வெளி என்று அவர்கள் அழைத்த அந்த உலகிலும் நதி உண்டு, வயல் உண்டு, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கதிர் உண்டு. வயல் இருந்தால் பாத்தி கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், மணல் அள்ள வேண்டும். உயிரோடிருந்த எகிப்தில் நைல் வெள்ளம் வடிந்ததும் கரையைச் சீர்செய்ய அரசு ஆட்களைக் கூப்பிடும். கூலி கிடையாது, தட்டவும் முடியாது. நம் ஊர்க் குடிமராமத்தும், சோழர் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிக்கும் கூலியில்லா உழைப்பும் இதற்குத் தூரத்து உறவுகள். (அந்த 'வெட்டி'தான் இன்று 'வெட்டி வேலை'யில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) செத்த பிறகும் இந்த ஆள்பிடிப்பு தொடரும் என்பது எகிப்தியர்களின் அச்சம். வசதியுள்ளவர் உயிரோடு இருக்கும்போது தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பிவிடலாம். கல்லறைக்குள்ளும் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டால் என்ன? பிறந்தது ஷப்தி.

'இறந்தோர் நூல்' என்று நாம் அழைக்கும் மந்திரத் தொகுப்பின் 6-வது அத்தியாயம் இதற்கென்றே எழுதப்பட்டது. மந்திரம் பொம்மையைப் பார்த்துப் பேசுகிறது. உன் எஜமானை வயலுக்கோ, கரை வேலைக்கோ, கிழக்குக் கரை மணலை மேற்குக் கரைக்குக் கொண்டுசெல்லவோ கூப்பிட்டால், அவருக்காக நீ குரல் கொடுத்து முன்வர வேண்டும் என்பது அதன் சாரம். பல ஷப்திகளின் உடலில் ஓடும் எழுத்து இந்த மந்திரம்தான். சிறியவற்றில் பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் தாயின் பெயரும்.

'உஷப்தி' என்ற வடிவத்தை, பதில் சொல் என்று பொருள்படும் எகிப்திய வினையோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆங்கில நூல்கள் 'பதில் சொல்பவர்' என்று மொழிபெயர்த்துவிட்டு, 'அதாவது மாற்று ஆள்' என்று இன்னொரு விளக்கமும் சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழுக்கு அந்தச் சிரமம் இல்லை. 'பதிலாள்' என்றால் போதும். மறுமொழியும் மாற்றும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. 'பதில்' அரபு மூலத்திலிருந்து நம்மிடம் வந்த சொல் என்பதும், இன்றைய எகிப்தின் மொழி அரபு என்பதும் மொழிபெயர்ப்புத் தொழிலில் எப்போதாவது கிடைக்கும் இனாம்.

தொடக்கத்தில், கி.மு. 2000-ஐ ஒட்டி, கல்லறைக்கு ஒன்றிரண்டுதான். மெழுகிலோ களிமண்ணிலோ செய்து துணி சுற்றி, குட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அது இறந்தவரின் சாயலாகவே இருந்தது. பிறகு மரம், கல், கடைசியில் ஃபாயன்ஸ். ஃபாயன்ஸ் என்பது மண்பாண்டம் அல்ல. பொடித்த படிகக்கல்லோ மணலோ எடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பும் காரமும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்திச் சுட்டால் மேற்பரப்பு கண்ணாடிபோல மினுங்கும். செம்பு சேர்த்தால் நீலம். அச்சு வந்தபின் எண்ணிக்கைக்குத் தடை இல்லை. எஜமானின் சாயலாக இருந்தது மெல்ல எஜமானின் கூலிப்படை ஆயிற்று.

துட்டங்காமன் கல்லறையில் 413 ஷப்திகள். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒருவராக 36 மேஸ்திரிகள், மாதத்துக்கு ஒருவராக 12 மேலாளர்கள். மேஸ்திரி கையில் மண்வெட்டிக்குப் பதில் சாட்டை இருக்கும். உடையும் வேறு: உயிருள்ளவர் உடுத்தும் வேட்டி. பின்வந்த நூற்றாண்டுகளில் 365-ம் 36-ம் சேர்ந்த 401 என்பது முழுச் செட் ஆயிற்று. சூடானின் நூரியில் தஹார்க்கா மன்னரின் பிரமிடைத் தோண்டிய ஜார்ஜ் ரைஸ்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் ஷப்திகளைக் கண்டார். பேரரசருக்கே மண் வெட்டும் பயம் என்றால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

வாங்கினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பப்பைரஸ் இருக்கிறது. சுமார் 2,900 ஆண்டுப் பழமை. அதை 1971-ல் ஐ.இ.எஸ். எட்வர்ட்ஸ் பதிப்பித்தார். ஆமுன் கோயிலில் தாயத்து வார்ப்பவர்களின் தலைவன் ஒருவன் எழுதிக்கொடுத்த ரசீது அது. 365 ஷப்திகள், 36 மேஸ்திரிகள், ஆக 401. விலையைப் பெற்றுக்கொண்டேன் என்கிறான். அதோடு நிற்கவில்லை. பொம்மைகளின் பக்கம் திரும்பி, போய் அவருக்கு வேலை செய்யுங்கள் என்று உத்தரவும் போடுகிறான். காசு கைமாறினால்தான் பொம்மைக்குக் கடமை வரும் என்பது கணக்கு.

இதைவிடச் சுவையானது நெஸ்கோன்ஸ் விவகாரம். ஆமுன் கோயிலின் தலைமைப் பூசாரியும் தென் எகிப்தின் உண்மையான ஆட்சியாளருமான இரண்டாம் பினெட்ஜெமின் மனைவி அவள். அவள் இறந்தபோது, ஷப்தி செய்தவர்களுக்கு உரிய கூலி கொடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே அவை அவளுக்கு உழைக்கக் கடமைப்பட்டவை என்று ஆமுன் கடவுளே அருள்வாக்காக உறுதி செய்தார். அந்த ஆணை மரப்பலகைகளில் எழுதிப் புதைக்கப்பட்டது. ஒரு பலகை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று பிரிட்டிஷ் மியூசியத்தில். பூமிக்கடியில் இருக்க வேண்டிய அந்தப் பலகைகள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் எப்படிப் போயின என்ற கேள்வி, இன்றைய சேகரிப்பாளர் சந்தையின் பிறந்த வீட்டுக்கே நம்மை அழைத்துச் செல்கிறது.

லக்ஸர் நகருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில் குர்னா என்ற கிராமம் இருந்தது. பழைய கல்லறைகளின் மேலேயே கட்டிய வீடுகள். 2006 முதல் அரசு அவற்றை இடித்து மக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் அங்கே அப்துல் ரசூல் குடும்பம் பேர் பெற்றது. 1871-ஐ ஒட்டி, அஹமது அப்துல் ரசூல் காணாமல் போன ஆட்டைத் தேடிப் போனபோது டெய்ர் எல் பஹ்ரி மலையடிவாரத்தில் கிணறுபோன்ற ஒரு குழியைக் கண்டதாகச் சொல்வார்கள். ஆடு வந்த பகுதி நிஜமோ கதையோ, குழி நிஜம். உள்ளே நீண்ட சுரங்கம். அது நிறையப் பெட்டிகள். கல்லறைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பழங்காலப் பூசாரிகள் அரசர்களின் உடல்களை ஒன்றாகத் திரட்டி ஒளித்த இடம் அது.

அந்தக் குடும்பம் அவசரப்படவில்லை. கண்டதையெல்லாம் வாரிக்கொண்டு வரவில்லை. எடுத்துச் செல்ல எளிதானதை, ஒளித்து வைக்க எளிதானதை, சுற்றுலாப் பயணியின் பெட்டிக்குள் அடங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அதாவது பப்பைரஸ் சுருள்களும் ஷப்திகளும். லக்ஸரில் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளுக்குத் தூதரக முகவராக இருந்த முஸ்தபா ஆகா வழியாக விற்பனை. தூதரகப் பதவிக்குரிய சட்டப் பாதுகாப்பு இருந்ததால் போலீஸ் அவரைத் தொட முடியாது. ஏறக்குறைய பத்தாண்டுகள் இந்த வியாபாரம் நடந்தது.

காட்டிக் கொடுத்தது பொருளின் தரம்தான். பினெட்ஜெம் என்ற பெயர் தாங்கிய, கண்ணைப் பறிக்கும் நீல ஷப்திகள் ஐரோப்பாவில் தலைகாட்டத் தொடங்கின. அதே வம்சத்தவரின் பப்பைரஸ்களும் வந்தன. அந்த அரச குடும்பத்தின் கல்லறை எதையும் எந்த அறிஞரும் அதுவரை தோண்டியதில்லை. அப்படியானால் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பொருள். 1881-ல் எகிப்தியத் தொல்பொருள் துறைத் தலைவரான காஸ்தோன் மாஸ்பெரோ இந்த நூலைப் பிடித்துக்கொண்டே லக்ஸருக்குப் போனார். அஹமது கைதானார். கேனா நகரில் தாவுத் பாஷாவின் ஆட்கள் உள்ளங்காலில் அடித்துப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், பட்ட அடிக்காகப் பெரிய பங்கு கேட்டார். குடும்பத்துக்குள் தகராறு முற்றியது. ஜூன் மாதம் சகோதரர் முகமது அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மாஸ்பெரோ அப்போது பிரான்சில். அவருடைய உதவியாளர் எமில் ப்ரூக்‌ஷ், எகிப்தியர்களில் முதல் எகிப்தியவியல் அறிஞர் என்று போற்றப்படும் அஹமது கமால் ஆகியோர் விரைந்தார்கள். 1881 ஜூலை 6. கயிற்றில் தொங்கி இறங்கிய ப்ரூக்‌ஷ், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெட்டிகளின் மேலிருந்த பெயர்களைப் படித்தார். முதலாம் செத்தி, இரண்டாம் ராம்செஸ், மூன்றாம் துத்மோஸ். எகிப்து வரலாற்றுப் புத்தகத்தின் பொருளடக்கம் அங்கே வரிசையாகப் படுத்திருந்தது. சுற்றியிருந்த கிராமங்கள் கொந்தளிக்கும் என்ற பயத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்களையும் மற்ற எல்லாவற்றையும் சில நாட்களிலேயே வெளியே ஏற்றி நீராவிப் படகில் கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். கரையோரக் கிராமங்களில் பெண்கள் தலைவிரி கோலமாக அழுதுகொண்டே படகோடு ஓடியதையும், ஆண்கள் துப்பாக்கி சுட்டு மரியாதை செய்ததையும் மாஸ்பெரோ பதிவு செய்திருக்கிறார். இந்தச் சம்பவத்தை வைத்து ஷாதி அப்தல் சலாம் 1969-ல் எடுத்த 'அல் மூமியா' அரபு சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று. திருடர்கள் கையிலிருந்து காப்பாற்றினோம் என்ற அதிகாரிகளின் பெருமிதத்தை அந்தப் படம் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை.

ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணமும் உண்டு. அந்த அவசரத்தில் வரைபடம் போடவில்லை, உள்ளே படம் எடுக்கவில்லை. எந்தப் பெட்டி எங்கே கிடந்தது, எந்த ஷப்திகள் எந்த உடலின் அருகே இருந்தன என்ற குறிப்பு இல்லை. பத்தாண்டுகளில் அப்துல் ரசூல்கள் கலைத்தது ஒரு பங்கு. அரசு சில நாளில் கலைத்தது இன்னொரு பங்கு. பூசாரிகள் எந்த வரிசையில், எப்போது அவற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அறிஞர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருப்பது அதனால்தான். முகமது அப்துல் ரசூலுக்கு 500 பவுன் சன்மானம் கிடைத்தது. தொல்பொருள் துறையில் மேஸ்திரி வேலையும். ஆளைத் தெரிந்துதான் வேலை கொடுத்தார்கள்: 1891-ல் ஆமுன் பூசாரிகளின் பெரும் புதையிடத்தைக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. நெஸ்கோன்ஸின் மரப்பலகைகள் அந்த முதல் குழியிலிருந்துதான் அதிகாரிகள் வருவதற்கு முன்பே வெளியேறின.

எகிப்தைவிட்டு வெளியே போன ஒவ்வொரு ஷப்தியும் திருட்டு என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஃபிளின்டர்ஸ் பெட்ரி 1888-ல் ஹவாராவில், உப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு கல்லறைக்குள் துழாவி, ஹோருட்ஜா என்ற பூசாரியின் 399 ஷப்திகளை வெளியே எடுத்தார். முழுச் செட்டுக்கு இரண்டே குறைவு. அன்றைய ஏற்பாட்டின்படி கண்டெடுத்தவற்றில் ஒரு பகுதி கெய்ரோவுக்கு, மறு பகுதி தோண்டியவருக்கும் பணம் போட்டவர்களுக்கும். இதற்குப் 'பங்கீடு' என்றே பெயர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் உட்படப் பல ஊர் அருங்காட்சியகங்களில் ஹோருட்ஜா இன்று பிரிந்து நிற்கிறார். ஆனால் எங்கே நின்றாலும் அவர் யார், எந்தக் கல்லறை, எந்த ஆண்டு என்று தெரியும்.

வியாபாரமும் சட்டப்படியே நடந்தது. லைசென்ஸ் பெற்ற டீலர்கள் கெய்ரோவிலும் லக்ஸரிலும் கடை வைத்திருந்தார்கள். அருங்காட்சியக அதிகாரி பார்த்து அனுமதித்தால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு விற்பனைக் கூடம் 1979 வரை இருந்தது. 'இது எங்களிடம் நிறைய இருக்கிறது' என்று அரசே விற்ற பொருட்களில் ஷப்திகளும் அடக்கம். 1983-ல் வந்த 117-ம் எண் சட்டம் இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. தொல்பொருள் அனைத்தும் அரசின் சொத்து, வியாபாரம் இல்லை, ஏற்றுமதி இல்லை. அதற்கு முன்பே, 1970-ல், கள்ளத்தனமாகக் கடத்தும் கலைப்பொருட்களைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை உருவாகியிருந்தது.

ஆகவே இன்றைய சந்தையில் தேதிதான் மந்திரம். 1983-க்கு முன் வெளியே வந்தது என்றால் விற்கலாம். 1970-க்கு முன் என்றால் தலைநிமிர்ந்து விற்கலாம். 1912-ல் தாத்தா நைல் பயணத்தில் வாங்கினார், புகைப்படம் இருக்கிறது என்றால் விலையே வேறு. 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960கள்' என்ற வரியின் ரகசியம் இதுதான். சில சமயம் அது உண்மை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பாட்டி வீட்டு அலமாரியில் ஷப்தி நிற்பது அதிசயமல்ல. சில சமயம் அது உண்மையல்ல. படிப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

உண்மையல்லாத வரியை எப்படித் தயாரிப்பது என்பதை 1990களில் ஒரு ஆங்கிலேயர் விரிவாகவே செய்து காட்டினார். தொல்பொருள் பழுதுபார்ப்பவரான ஜொனாதன் டோக்லி-பாரி, எகிப்தில் ஒரு கூட்டாளியிடமிருந்து பழம்பொருட்களை வாங்கினார். அவற்றின் மேல் பிளாஸ்டிக் திரவம் பூசி, கண்ணைக் கூசும் வர்ணம் அடித்தார். விமான நிலையத்தில் பார்த்தால் கான் எல் கலிலி கடைத்தெருவில் வாங்கிய மட்டமான நினைவுப் பொருள். இங்கிலாந்தில் ரசாயனத்தால் வர்ணத்தைக் கழுவினால் மூவாயிரம் ஆண்டுப் பழமை வெளியே வரும். அடுத்து வேண்டியது பூர்வீகம். 1920களில் எகிப்தில் பொருட்களைச் சேர்த்ததாக 'தாமஸ் ஆல்காக் சேகரிப்பு' என்ற ஒன்றைக் கற்பனையில் உருவாக்கினார்கள். அந்தக் காலத்து மருந்துக்கடை லேபிள்போல அச்சடித்து, தேயிலைப் பொட்டலத்தால் கறைப்படுத்தி, அடுப்பில் வாட்டிப் பழசாக்கினார்கள். மூன்றாம் ஆமன்ஹோத்தெப் அரசரின் கல் தலை ஒன்று இப்படிப் பயணம் செய்து 12 லட்சம் டாலருக்கு விலை போனது. டோக்லி-பாரிக்கு 1997-ல் பிரிட்டனில் ஆறு ஆண்டு சிறை. அமெரிக்கக் கூட்டாளி ஃப்ரெடரிக் ஷுல்ட்ஸ் சாமானியரல்ல, தொல்பொருள் டீலர்களின் தேசிய சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருக்கு 2002-ல் 33 மாதம். எகிப்து தன் சட்டத்தால் தனக்குரியது என்று அறிவித்த பொருளை அமெரிக்காவிலும் திருட்டுச் சொத்தாகவே கருத வேண்டும் என்று 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. டீலர்களைத் தூங்கவிடாமல் செய்த தீர்ப்பு அது.

என்றாலும் வித்தை ஒழியவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நெட்ஜெமாங்க் என்ற பூசாரியின் தங்க முலாம் பூசிய சவப்பெட்டியை 2017-ல் 35 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. கூடவே 1971-ல் எகிப்து வழங்கிய ஏற்றுமதி அனுமதியும் வந்தது. அனுமதி போலி. 2011-ன் கலவர நாட்களில் தோண்டித் திருடப்பட்ட பெட்டி அது. 2019-ல் எகிப்துக்குத் திரும்பியது. இதைக் கண்டுபிடித்த மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. சுபாஷ் கபூரின் கிடங்குகளிலிருந்து நம் கோயில் சிலைகளைக் கைப்பற்றிய வழக்கும் அவர்களுடையதே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனபோதும் கூடவே காகிதங்கள் போயின. நெடுங்காலத்துக்கு முன்பே இந்தியாவைவிட்டு வெளியேறியதாக அவை சொல்லின. நடராஜர் 2014-ல் திரும்பி வந்தார்.

சவப்பெட்டிக்கும் நடராஜருக்கும் கிடைத்த கவனம் ஷப்திக்குக் கிடைப்பதில்லை. அரைக்கோடி டாலர் சிலையை விசாரிக்க ஆள் உண்டு. ஐந்நூறு டாலர் பொம்மைக்காக எந்த அரசு வக்கீல் வைக்கும்? அப்துல் ரசூல் குடும்பம் 1870களில் புரிந்துகொண்ட அதே கணக்குதான்: சிறியது, விலை குறைந்தது, ஒரே மாதிரி ஆயிரம் உள்ளது. சட்டைப் பைக்குள் போனால் தேடுவார் இல்லை.

டீலர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். அச்சில் வார்த்த பொருள், கணக்கற்றவை இருக்கின்றன, அருங்காட்சியக நிலவறைகளில் தூசி படிந்து கிடப்பவையே ஏராளம். ஒருவர் வீட்டில் மரியாதையாக நின்றால் யாருக்கு நஷ்டம்? மேலும் இது பிறந்ததே கடைச்சரக்காகத்தானே, ரசீதுகூட இருக்கிறதே? இதில் நியாயம் இல்லாமலில்லை. பழைய சேகரிப்பிலிருந்து ஆவணத்தோடு வரும் ஷப்தியை வாங்குகிறவரைத் திருடர் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். தனியார் சேகரிப்பாளர்கள் சிலர் தங்களிடமுள்ள எழுத்துகளைப் பதிப்பித்து அறிஞர்களுக்கு உதவியதும் உண்டு.

ஆனால் 'ஒரே மாதிரி ஆயிரம்' என்பது பாதி உண்மைதான். ஷப்தி தனி ஆள் அல்ல, படை. 401 பேரில் எத்தனை மேஸ்திரி, எத்தனை பெட்டியில் வைத்தார்கள், ஒரு குடும்பத்தில் கணவனுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, எந்தக் கைகள் எழுதின, எழுத்துப் பிழை எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்பவை எல்லாம் படை கலையாமல் கிடைத்தால் மட்டுமே தெரியும். அரசர்களைப் பற்றிச் சொல்லச் சுவர்கள் இருக்கின்றன. ஒரு நடுத்தர எழுத்தரைப் பற்றியோ கோயில் பாடகியைப் பற்றியோ எஞ்சியிருப்பது பல சமயம் பொம்மையின் மேல் உள்ள பெயரும் தாயின் பெயரும்தான். இருபது பொம்மைகளை இருபது நாடுகளுக்கு விற்றால் அந்த மனிதரும் இருபது துண்டு.

வாங்குகிறவருக்கே உள்ள ஆபத்தும் சிறிதல்ல. சுற்றுலா தொடங்கிய நாளிலிருந்து குர்னாவின் கைவினைஞர்கள் ஷப்தி செய்து விற்று வந்திருக்கிறார்கள். மட்டமானவற்றில் எழுத்து வெறும் கிறுக்கல். தேர்ந்தவற்றில் நிபுணரே தடுமாறுவார். எகிப்தியப் பொருளையும் பூர்வீகத்தையும் சேர்த்தே போலியாகச் செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் போல்டன் நகரம் சாட்சி. உள்ளூர்க்காரரான ஷான் கிரீன்ஹால் செய்த 'அமர்னா இளவரசி' சிலையை, 1892 ஏல அட்டவணை ஒன்றைக் காட்டி, போல்டன் அருங்காட்சியகத்திடமே சுமார் 4,40,000 பவுனுக்குக் குடும்பத்தார் விற்றார்கள். அது நடந்தது 2003-ல். 2007-ல் கிரீன்ஹால் சிறைக்குப் போனார். அட்டவணை என்னவோ அசல்தான். சிலைதான் அவர் கைவண்ணம்.

போலி வாங்கி ஏமாந்தவர் பணத்தை இழக்கிறார். அசலை வாங்கியவர் எதற்குப் பணம் கொடுத்தார் என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. சாரா பார்க்கக் தலைமையில் எகிப்து முழுவதும் எடுத்த இத்தகைய படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியானது. உலகப் பொருளாதார நெருக்கடியை அடுத்து 2009 முதலே திருட்டுக் குழிகள் அதிகரித்தன, 2011 எழுச்சிக்குப் பின் மேலும் பெருகின என்பது அதன் முடிவு. அபூசிர் எல் மலேக் போன்ற இடங்களில் பழங்கால இடுகாடு முழுவதும் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருக்கிறது. அந்தக் குழிகளிலிருந்து வெளியேறிய ஷப்திகளைக் காணவில்லை என்று எகிப்து புகார் கொடுக்க முடியாது. அவை இருந்ததே அதற்குத் தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் கெய்ரோ அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. 2011 ஜனவரி 28 இரவு, தஹ்ரீர் சதுக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். அவர்கள் எடுத்துப்போனவற்றில் யூயாவின் மர ஷப்திகள் 11. யூயா, மூன்றாம் ஆமன்ஹோத்தெப்பின் மாமனார். அவருடைய கல்லறையை 1905-ல் திறந்த ஜேம்ஸ் கைபல், உள்ளிருந்த பொருட்களை விவரித்து 1908-ல் அட்டவணையாக வெளியிட்டிருந்தார். அருங்காட்சியகப் பதிவெண்களும் இருந்தன. எனவே இரண்டே வாரத்தில், பிப்ரவரி 12 அன்று, காணாமல் போனவை எவை என்ற பட்டியலை எகிப்து உலகுக்கு அறிவிக்க முடிந்தது. பட்டியல் வெளியான பிறகு அவற்றை எந்த ஏல நிறுவனமும் தொட முடியாது. யூயாவின் ஷப்திகளில் சில பின்னர் மீட்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குத் திரும்பின.